ஸ்தோத்திரம் ஒரு பக்கம், விண்ணப்பம் ஒரு பக்கம்

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசை என் வசம் வந்துவிடும். பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போய்விடுவார்கள். மேசை முழுக்கத் தாள்கள், ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா, பழைய கடிதங்களைப் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டின். தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1998-ல் கணிதம் முடித்த எங்கள் வகுப்பின் ஆண்டுக் கடிதம் அங்கேதான் உருவாகிறது. யாருக்கு என்ன வேலை, யார் எந்த ஊரில், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் துக்கம். 41 பேர் சேர்ந்து படித்தோம். இப்போது 40 பேர் இருக்கிறோம். அந்த ஒருவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2003-ல் இதைத் தொடங்கினேன். அதற்குக் காரணம் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையில் பழக்கமான ஓர் அக்கா. அவர் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கிருந்து அவருக்குத் தபாலில் ஒரு பத்திரிகை வரும். ஒருநாள் ஆராதனை முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அதைப் புரட்டினேன். கட்டட நிதி, விளையாட்டுச் செய்தி எல்லாம் தாண்டி, கடைசிப் பக்கங்களில் பட்டம் வாங்கிய ஆண்டுகளைத் தலைப்பாகப் போட்டு, கீழே வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று வரி. இன்னார் இந்த மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார். இன்னாருக்கு இரண்டாவது குழந்தை, பெயர் இது. இன்னார் போதகராக அபிஷேகம் பெற்றார். 1940-களின் தலைப்புகளில் இரண்டு மூன்று பெயர்கள்தான், எல்லாமே இறந்தவர்கள். கீழே வர வர ஓய்வு பெற்றவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், பதவி உயர்ந்தவர்கள், கல்யாணம் ஆனவர்கள். கடைசித் தலைப்பில் இருந்தவர்கள் அப்போதுதான் முதல் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு மனித வாழ்க்கையை நாலு பக்கத்தில் மேலிருந்து கீழாகப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த அக்காவின் பெயரும் ஓர் ஓரத்தில் இருந்தது. அதைக் காட்டும்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை பிடித்தது.

எங்கள் கல்லூரி பழைய கல்லூரி. ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1837-ல் சென்னையில் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் அதன் வேர். வில்லியம் மில்லர் காலத்தில் பெரிய கல்லூரியாக வளர்ந்து, ஜார்ஜ் டவுனில் இடம் போதாமல் 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் போன்றவர்கள் அந்த நிலத்தில் மரம் நட்டு வளர்த்தார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது அது காடாக இருந்தது. மின்சார ரயிலில் வந்து இறங்கி, ஜிஎஸ்டி ரோட்டு இரைச்சலைக் கடந்து கேட்டுக்குள் நுழைந்தால் காற்றே வேறாக இருக்கும். சில நாள் காலையில் புள்ளிமான் வழியில் நிற்கும்.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், டி.என். சேஷன், இந்திரா நூயி எல்லாரும் அங்கே படித்தவர்கள். அவர்களுக்கு என்ன பதவி கிடைத்தது என்று செய்தித்தாள்கள் எழுதும். ஆம்பூரில் செருப்புத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளராக இருக்கும் எங்கள் வகுப்புக்காரியைப் பற்றி யார் எழுதுவார்கள்? நாங்கள்தான் எழுத வேண்டும்.

கடிதத்துக்கு எப்படித் தலைப்பு வைப்பது என்று யோசித்தபோது எனக்குப் பாளையங்கோட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. நான் அங்கே சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவள். குடும்பச் செய்தியை ஊரறியச் சொல்வதற்கு எங்கள் சபையில் ஏற்கெனவே வழி இருந்தது. கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. பரீட்சையில் தேறினாலும், குழந்தை பிறந்தாலும், பிறந்தநாள் வந்தாலும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் பெயர் எழுதிப் போடுவோம், போதகர் ஐயர் வாசிப்பார். அப்புறம் ஜெபத்துக்கான விண்ணப்பங்கள். ஆபரேஷன், வேலை, குடிப்பழக்கம், பிள்ளை இல்லாத வருத்தம். சின்ன வயதில் இந்த இரண்டாவது பட்டியலைக் கேட்டுத்தான் எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆக, கடிதத்துக்கும் அந்த இரண்டு தலைப்பையே வைத்தேன். இடப்பக்கம் ஸ்தோத்திரம், நீல மை. வலப்பக்கம் விண்ணப்பம், சிவப்பு மை. வகுப்பில் இந்துக்களும் முஸ்லிம்களும் நிறையப் பேர். ஒருவர்கூட அந்தச் சொற்களுக்கு ஆட்சேபம் சொல்லவில்லை. மூன்று வருஷம் அசெம்பிளியில் கேட்டுப் பழகிய சொற்கள்தானே.

முதல் பத்து வருஷம் இடப்பக்கம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கம் கிட்டத்தட்ட வெற்றாகவே இருந்தது.

டீம் லீட் ஆகிவிட்டேன். வேளச்சேரியில் ஃபிளாட் வாங்கிவிட்டோம். மகள் பிறந்திருக்கிறாள். எச்1பி கிடைத்துவிட்டது. பிஎச்டி முடித்துவிட்டேன். எல்லாம் நல்ல செய்திதான், ஒவ்வொன்றுக்கும் மனதார மகிழ்ந்தேன். ஆனால் வருஷா வருஷம் பதில் எழுதுகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 41 பேரில் 30, பிறகு 24, பிறகு 17. யார் எழுதுவதை நிறுத்துகிறார்கள் என்று நான் கவனிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எனக்கே அது தெரிந்திருக்க வேண்டும். 2001-ல் கல்யாணம் ஆகி, கணவரோடு சிங்கப்பூர் வந்தவள் நான். கணவரின் வேலையைச் சார்ந்து கிடைக்கும் டிபென்டென்ட் பாஸ் (டிபி). கையில் எம்எஸ்சி கணிதம். வேலைக்கு எழுதிப் போட்ட விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. பிறகு குழந்தைகள். இந்தக் கடிதத்தில் என் பெயருக்கு நேரே ஆறு வருஷம் நான் எழுதியது ஒரே வரி: "கணவர், குழந்தைகளுடன் சிங்கப்பூரில் வசிக்கிறேன்." வார்த்தை மாறாமல் அதே வரி. அந்த ஆறு வருஷத்தில் நான் என்னவெல்லாம் செய்தேன்! மாமியாரின் பக்கவாதத்துக்கு மூன்று மாதம் ஊரில் இருந்து பார்த்தேன். கீழ்த்தளத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் கஞ்சி வைக்கக் கற்றேன். பக்கத்து புளோக் பிள்ளைகள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். இதையெல்லாம் "செய்தி" என்று நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. 2009-ல் பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியையாகச் சேர்ந்த வருஷம்தான் என் வரி நாலு வரியாக நீண்டது.

இங்கே டிபியில் வந்த படித்த பெண்கள் நிறையப் பேர். முன்பெல்லாம் முதலாளி ஓர் அனுமதிக் கடிதம் வாங்கினால் அந்த பாஸிலேயே வேலைக்குப் போகலாம். 2021 மே முதல் பெரும்பாலோருக்கு அது இல்லை. தனியாக வேலை பாஸ் வேண்டும். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது பேச்சுக் கொடுத்தால், இவர் பொறியாளர், அவர் நுண்ணுயிரியல் படித்தவர் என்று தெரியவரும். தங்கள் கல்லூரியில் யாராவது "இப்போது என்ன செய்கிறாய்" என்று கேட்டால் அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

என் கண்ணைத் திறந்தவள் நாகர்கோவில்காரி. (எங்கள் விடுதியில் ஊர்ப் பெயர்தான் கூப்பிடும் பெயர். இங்கே அது வசதியாகவும் இருக்கிறது, யார் பெயரையும் வெளியே சொல்ல வேண்டியதில்லை.) அவள் வங்கியில் அதிகாரி. வருஷா வருஷம் "வங்கியில் தொடர்கிறேன்" என்று இரண்டே சொல் எழுதுவாள். 2012 டிசம்பரில் ஊருக்குப் போனபோது அவள் வீட்டில் ஓர் இரவு தங்கினேன். மூன்று முறை பதவி உயர்வு வந்து மூன்று முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வாங்கினால் வட இந்தியாவில் எங்காவது மாற்றல். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். "ஒவ்வொரு தடவையும் அந்தக் கடுதாசில கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும் பிள்ள. ஆனா போட்டுட்டு வெளிய வந்தா நல்லாத் தூக்கம் வரும்" என்றாள்.

பெற்ற பதவி உயர்வை நான் நீல மையில் எழுதிக்கொண்டிருந்தேன். மறுத்த பதவி உயர்வை எழுத என் கடிதத்தில் இடமே இல்லை. அதுதான் அவள் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவு. அதை மற்ற 40 பேரும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சிங்கப்பூர் திரும்பியதும் பழைய கடிதங்களை எல்லாம் விரித்துவைத்து, யார் யார் எப்போது எழுதுவதை நிறுத்தினார்கள் என்று குறித்தேன். பட்டியலில் முதல் பெயர் தென்காசிக்காரி.

அவள்தான் எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண். எங்கள் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி என்று இருவர் இருந்தார்கள். வாசலில் போடும் கோலத்தை மொழியின் இலக்கணம்போல விதிகளாக எழுத முடியும் என்று காட்டியவர்கள். கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நாங்கள் படிக்க வந்தபோது அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடித்து, நகலெடுத்து, விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து படித்தவள் தென்காசிக்காரி. ஐந்து புள்ளி ஐந்து வரிசை வைத்து, கம்பி எங்கும் அறுபடாமல் ஒரே இழையில் சுற்றி வருமா வராதா என்று தாள் தாளாகப் போட்டுப் பார்ப்பாள். இவள் பிஎச்டி முடித்துப் பெரிய ஆளாக வருவாள் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. 2005-க்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

அவள் தம்பி மூலம் எண் வாங்கி, 2013 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டேன். குரலைக் கேட்டதும் "ஏட்டி!" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அவளுக்கு ஒரே மகன். அப்போது எட்டு வயது. ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"எழுத என்னட்டி இருக்கு? நீங்கள்லாம் ஏறிப் போயிட்டே இருக்கீங்க. நான் நின்ன இடத்துலயே நிக்கேன். உன் கடுதாசி வந்தா படிச்சிட்டு ரெண்டு நாளு யார்கிட்டயும் பேச மாட்டேன்."

நான் அன்போடு செய்த ஒரு காரியம் எட்டு வருஷமாக ஒருத்தியை வருஷத்துக்கு இரண்டு நாள் வாயடைக்க வைத்திருக்கிறது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

அந்த வருஷம் கேள்வியை மாற்றினேன். அதுவரை நான் அனுப்பும் சீட்டில் "இப்போது என்ன செய்கிறீர்கள்? குடும்பத்தில் விசேஷம் ஏதாவது?" என்று இருக்கும். அதை அடித்துவிட்டு, "உங்கள் வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறீர்கள்? இந்த வருஷம் உங்கள் நேரம் பெரும்பாலும் எதில் போனது?" என்று எழுதினேன். அவ்வளவுதான் மாற்றம். வலப்பக்கம் வெற்றாக விடக்கூடாது என்று ஒரு வரியும் சேர்த்தேன். முதலில் என் விண்ணப்பத்தை நானே எழுதி அனுப்பினேன், மற்றவர்களுக்குக் கூச்சம் போக வேண்டும் என்பதற்காக.

33 பேர் பதில் எழுதினார்கள்.

வேலை போய் எட்டு மாதம் ஆன ஒருவன் எழுதினான், மனைவிக்கு மட்டும்தான் அது தெரியும் என்று. இரண்டு பேர் விவாகரத்தைப் பற்றி எழுதினார்கள். அமெரிக்காவில் இருப்பவன், அம்மா தன்னை மறந்துவிட்டாள், போனில் "யாருங்க" என்று கேட்கிறாள் என்று எழுதினான். தென்காசிக்காரியிடமிருந்தும் ஒரு சீட்டு வந்தது. அதில் அவள் எழுதியது மூன்றே வரி. அவள் அனுமதியோடுதான் இங்கே தருகிறேன்: "வீட்டில் நான், அவர், மகன். தினமும் சாயங்காலம் தரையில் புள்ளி வைத்துத் தருகிறேன். நேற்று ஐந்து புள்ளி ஐந்து வரிசை, அவனே போட்டான், கம்பி எங்கேயும் அறவில்லை."

அதை நான் நீல மையில் எழுதினேன். அந்த வருஷக் கடிதத்தில் அதுதான் முதல் செய்தி.

அதற்குப் பிறகு கடிதத்தின் போக்கே மாறிவிட்டது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. எங்கள் கல்லூரி வளாகத்திலும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. கடிதத்தை அனுப்பத் தயாராக வைத்திருந்தேன், நிறுத்திவிட்டேன். ஏனென்றால் ஒவ்வொருவராக மறுபடி எழுத ஆரம்பித்தார்கள். வேலை, குடும்பம் எதுவும் இல்லை, மரம்தான். நூலகத்துக்குப் போகும் வழியில் இருந்த மரம் இருக்கிறதா? விடுதிக்குப் பின்னால் இருந்தது? சென்னையில் இருக்கிறவர்கள் நேரில் போய்ப் பார்த்துச் சொன்னார்கள். துக்கம் விசாரிக்கிற மாதிரிதான் இருந்தது. எல்லாரும் ஏதோ ஒரு மரத்தடியில் ஏதோ ஒன்றை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் போல.

தூத்துக்குடிக்காரியின் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். உலகத்திலேயே கப்பல்கள் அதிகமாக எண்ணெய் நிரப்பிக்கொள்ளும் துறைமுகம் சிங்கப்பூர்தான். ஆகவே வருஷத்தில் ஓரிரு முறை அவர் எங்கள் கடலுக்கு வந்துவிடுவார். ஒருநாள் சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். "ஏட்டி, உங்க அண்ணன் கப்பல் இன்னிக்கு ராத்திரி உங்க ஊர்ல எண்ணெய் போட நிக்குதாம். இறங்க விடமாட்டாவளாம். நீ கடக்கரைக்குப் போயிப் பாத்துட்டு வாரியா?" ஈசூனிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். நானும் கணவரும் போனோம். இருட்டில் கடல் முழுக்கக் கப்பல் விளக்குகள், ஓர் ஊரே மிதப்பது மாதிரி. எது அவர் கப்பல் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் அங்கிருந்து அவளுக்குப் போன் போட்டு, "பார்த்துட்டேன், எல்லா விளக்கும் எரியுது" என்றேன். அவள் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

2020-ல் அந்த மனிதர் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார். மாலுமிகளைத் தொடர்ந்து 11 மாதத்துக்கு மேல் கப்பலில் வைத்திருக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. கொவிட் நேரத்தில் துறைமுகங்கள் ஆள் மாற்ற அனுமதிக்காததால் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் கடலிலேயே இருந்தார்கள். அவருக்கு 14 மாதம். இங்கே சர்க்கியூட் பிரேக்கர் என்ற ஊரடங்கு, ஏப்ரல் 7-லிருந்து ஜூன் 1 வரை அவசியம் இல்லாமல் வீட்டை விட்டு நகர முடியாது. என்னால் கடற்கரைக்குக்கூடப் போக முடியவில்லை. அந்த வருஷம் வலப்பக்கத்தில் அவர் பெயர் முதலில் இருந்தது. ஆம்பூர்க்காரி ஐந்து வேளைத் தொழுகையிலும் அவருக்காக துவா கேட்டதாகப் பின்னால் சொன்னாள். ஒருவழியாக அவர் கொச்சியில் இறங்கியதும் தூத்துக்குடிக்காரி எங்கள் எல்லாருக்கும் அனுப்பிய செய்தி ஒரே சொல்: "இறங்கிட்டாவ."

இங்கே சிங்கப்பூரில் எங்கள் வகுப்புக்காரர்கள் மூன்று பேர். ஒருவர் 2024-ல் வேலை மாற வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரிலிருந்து புதிதாக எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேட்பவர்களுக்குப் புள்ளி முறை வந்துவிட்டது. 40 புள்ளி வேண்டும். பட்டத்தைக் காட்டிப் புள்ளி கேட்டால் அந்தப் பட்டம் உண்மையானதுதான் என்று சரிபார்த்த சான்றையும் இணைக்க வேண்டும். எங்களுக்குப் பட்டம் தந்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1998-ஆம் வருஷச் சான்றிதழில் அவர் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுதாக, குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில். இரண்டும் ஒரே ஆள் என்பது தமிழர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். அவர் அதை விண்ணப்பப் பக்கத்தில் எழுதினார். பழைய கடிதமாக இருந்தால் எழுதியிருக்கவே மாட்டார். நாலே நாளில் ஒருவர் தன் பழைய மதிப்பெண் பட்டியலின் நகலை அனுப்பினார், மாதிரிக்கு. சென்னையில் இருக்கும் ஒருத்தி பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பாக்கத்துக்கு நேரில் போய் விசாரித்து வந்தாள். வழக்கறிஞராக இருப்பவர் பெயர் குறித்த உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தந்தார். அவருக்குப் பாஸ் கிடைத்தது. விண்ணப்பம் என்று ஒரு பக்கம் இருந்தால் அதைப் படித்து எழுந்து நிற்க ஆள் இருக்கிறது என்பதை அப்போது கண்ணால் கண்டேன்.

என் பெரிய மகன் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போனதும் அந்த வருஷம்தான். நாங்கள் நிரந்தரவாசிகள், அவன் இங்கே வளர்ந்தவன், அதனால் இரண்டு வருஷம். சாங்கியிலிருந்து படகில் தெக்கோங் தீவுக்குப் பெற்றோரையும் கூட்டிப்போனார்கள். அவனோடு உட்கார்ந்து அங்கே சாப்பிட்டோம். பிறகு எங்களை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். படகில் என் பக்கத்தில் ஒரு மலாய்த் தாய், எதிரில் ஒரு சீனத் தாய். மூவரும் ஜன்னல் வழியே அந்தத் தீவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் செய்தியை நான் இரண்டு பக்கத்திலும் எழுதினேன், நீலத்திலும் சிவப்பிலும். ஊரிலிருந்து "சண்டைக்கா அனுப்பியிருக்க?" என்று பதறிக் கூப்பிட்டவர்களுக்கு விளக்கம் சொல்லியே ஒரு வாரம் போனது.

இப்போது அந்த ஒருவன்.

செங்கல்பட்டுக்காரன். தினமும் ரயிலில் வந்து போகிறவன். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தான். 2021 மே மாதம், இரண்டாம் அலையில் போய்விட்டான். 44 வயது. அவனுக்கு மனைவி, ஒரு மகள், அம்மா. கல்லூரி நாட்களில் அந்த அம்மா வாரத்தில் ஒருநாள் பெரிய தூக்கில் புளியோதரை கட்டிக் கொடுத்துவிடுவார், விடுதிப் பிள்ளைகளுக்கென்றே. மூன்று வருஷம் நாங்கள் அதைச் சாப்பிட்டோம். அந்த வருஷக் கடிதத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர் என்று முதன்முறையாக ஒரு தலைப்புப் போட்டேன். அதை எழுதும்போது அந்த அமெரிக்கப் பத்திரிகையின் மேல்பக்கம் ஞாபகம் வந்தது. எங்கள் வகுப்பும் மேலே ஏற ஆரம்பித்துவிட்டது.

அவன் வீட்டுக்கு இனிக் கடிதம் அனுப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் சொன்னார்: "நிறுத்திடாத கண்ணு. தபால்காரர் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடறது அந்தக் கடுதாசிக்கு மட்டும்தான்."

பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரிக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தை முன்பெல்லாம் நான் தாண்டிப் போய்விடுவேன். வெறும் பெயர்ப் பட்டியல், இவரை வாழ்த்துங்கள், அவரை வாழ்த்துங்கள் என்று. அதில் ரூப் என்ற ஒருவனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, அவனுடைய தாய் தனக்கும் தாய் என்று ஒரு சொல் சேர்த்திருப்பார் பவுல். என்ன செய்திருப்பாள் அந்தத் தாய் என்று அங்கே எழுதவில்லை. சோறு போட்டிருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

செங்கல்பட்டு அம்மாவுக்கும் இப்போது வருஷா வருஷம் சீட்டுப் போகிறது. மகனின் பெயருக்கு நேரே அவரே பதில் எழுதுகிறார். கோடு போட்ட நோட்டுத் தாளில், பென்சிலால். பேத்தி அதைப் படமெடுத்து அனுப்புவாள். இந்த வருஷத்துச் சீட்டு நேற்று இரவு வந்தது. வீட்டில் யார் யார்: நான், மருமகள், பேத்தி. நேரம் எதில் போனது: பேத்திக்குக் காலையில் சோறு கட்டுவதில். ஸ்தோத்திரம்: இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விண்ணப்பம்: பேத்தி பிளஸ் டூ. அப்பா படித்த காலேஜில் அதே கணக்குப் படிக்கணும் என்கிறாள்.

சிவப்புப் பேனாவால் அதை எழுதிவிட்டு, அதற்குக் கீழேயே, அவளுக்கு ஆன்லைனில் பாடம் எடுக்க யாருக்கு நேரம் இருக்கும், முதல் வருஷக் கட்டணத்துக்கு யாரைக் கேட்கலாம், சேர்க்கை பற்றி விசாரிக்க யார் தாம்பரம் போவார்கள் என்று பெயர்களை எழுதத் தொடங்கினேன். இரவு பதினொன்றரைக்குள் ஏழு பேர் பதில் போட்டுவிட்டார்கள். கணக்குப் பாடம் எடுக்கிறேன் என்று முதலில் சொன்னவள் தென்காசிக்காரி.